சூரியக் காந்தக் கயிறோட திசையை முன்னாடியே கணிக்க முடியுமா?

ஸ்பேஸ் வெதர் தெரிஞ்சவங்க யாராச்சும் இருக்கீங்களா, ஒரு டவுட். சூரியனோட வெளி வளிமண்டலமான கொரோனால காந்தப்புலம் கயிறு மாதிரி முறுக்கிக்கிட்டு நின்னு ஒருநாள் வெடிச்சு சிஎம்இ-யா (சூரியன் வீசி எறியுற பிளாஸ்மா, காந்தப்புல மேகம்) கிளம்புதுல்ல, அது பூமிக்கு வர்றப்போ உள்ள இருக்கிற புலம் தெற்கு பாத்து இருந்தாத்தான் பூமியில பெரிய காந்தப்புயல், வடக்குன்னா பெருசா ஒண்ணும் ஆகாது, அது வரைக்கும் புரியுது. ஆனா அந்தத் திசை பூமிலேர்ந்து சூரியன் பக்கமா 15 லட்சம் கிமீ தள்ளி எல்1-ங்கிற இடத்துல நிக்கிற சாட்டிலைட்டைத் தொட்டாத்தான் சரியா தெரியுது, அப்புறம் கையில ஒரு மணி நேரம் கூட மிஞ்சாது (2024 மே புயல் மாதிரி ஒண்ணுக்கு இது பத்துமா என்ன!). சூரியனோட வடக்குப் பாதில பெரும்பாலும் இடது முறுக்கு, தெற்குல வலது. இதை வெச்சு கணிக்கலாமா, இல்ல வர்ற வழியில கயிறே திரும்பிடுமா? நாசாவோட எஸ்டிஓ சாட்டிலைட் எடுத்த மேக்னட்டோகிராம் (சூரிய மேற்பரப்போட காந்தப்புல வரைபடம்) டேட்டா இருக்கு, பைத்தான் ஓரளவு வரும். எங்க ஆரம்பிக்கிறதுன்னு சொல்லுங்க ப்ளீஸ்.