கைக்குழந்தைக்கு வாசித்துக் காட்டுவது: என்ன செய்யலாம், எங்கே பிசகுகிறது

பேச்சுப் பயிற்சியாளர்

"ஆறு மாசக் குழந்தைக்கு என்ன புரியும்னு வாசிக்கிறது?" என்று கேட்டுக்கொண்டே வருகிறவர்கள்தான் அதிகம். கதை புரியாதுதான். அந்த வயதில் காதுக்கு வேறு வேலை இருக்கிறது. எந்த ஒலி எந்த ஒலியிலிருந்து பிரிகிறது என்று அது பொறுக்கிக்கொண்டிருக்கும். ஜேனட் வெர்க்கரும் ரிச்சர்ட் டீஸும் 1984இல் வெளியிட்ட ஆய்வில், ஆங்கிலம் பேசும் வீட்டுக் குழந்தைகள் 6–8 மாதத்தில் இந்தியின் 'த'வையும் 'ட'வையும் பிரித்துக் கேட்டார்கள். ஒரு வயதை நெருங்கும்போது பெரும்பாலோருக்கு அந்தத் திறன் மங்கிவிட்டது. புழங்காத வேறுபாட்டைக் காது தள்ளிவிடுகிறது. நாம் பேசும்போது பழத்தைச் சர்வசாதாரணமாக 'பளம்' ஆக்கிவிடுகிறோம். வாசிக்கும்போது நாக்கு கொஞ்சம் ஒழுங்காக மடங்கும். ழ, ள, ல மூன்றும் தனித்தனியாகக் குழந்தையின் காதில் விழ அது ஒரு வாய்ப்பு.

சொற்களும் அப்படித்தான். குழந்தையிடம் நாள் முழுக்க நாம் பேசுவது வா, சாப்பிடு, தூங்கு, அதத் தொடாத. நத்தை, குடை, படகு எல்லாம் புத்தகத்திலிருந்துதான் வீட்டுக்குள் வர வேண்டும்.

செய்முறைக்கு ஒரு பக்கம் போதும். அணில் படம் இருக்கிறது என்று வையுங்கள். மடியில் சாய்த்து உட்கார வைத்து, முதலில் குழந்தையின் கண் எங்கே போகிறது என்று பாருங்கள். அணிலைப் பார்த்தால் "அணில்" என்று ஒரே ஒரு சொல். பிறகு மனதுக்குள் ஒன்றிலிருந்து ஐந்து வரை எண்ணுங்கள். குழந்தை காலை உதைக்கும், "ஆ" என்னும், இல்லை திரும்பி உங்கள் வாயைப் பார்க்கும். அதுதான் பதில். அதற்கு நீங்கள், "ஆமா, அணில்! வாலப் பாரு, எவ்ளோ பெருசு." மறுபடி ஐந்து. படிப்பறிவுள்ள பெற்றோர் சறுக்குவது இந்த ஐந்தில்தான். மூன்று வருவதற்குள் வாய் திறந்துவிடும், குழந்தையின் முறை பறிபோய்விடும்.

இன்னொரு சறுக்கல், வாசிப்பைப் பரீட்சையாக்குவது. "இது என்ன? இது என்ன?" என்று பத்து மாதக் குழந்தையிடம் கேட்டால் அது புத்தகத்தைத் தள்ளத்தான் செய்யும். நாமே பெயர் சொல்ல வேண்டிய வயது அது. கேள்விகளை ஒன்றரை, இரண்டு வயதுக்கு ஒத்திவையுங்கள். டிவி ஓடிக்கொண்டிருந்தால் முதலில் அதை அணையுங்கள். பெரியவர் காது இரைச்சலுக்கு நடுவிலும் பேச்சைப் பிடித்துக்கொள்ளும், குழந்தையின் காதுக்கு அது இன்னும் பழகவில்லை.

பச்சிளங்குழந்தைப் பிரிவுச் செவிலியர்

குறைமாதக் குழந்தைகள் பற்றிக் கொஞ்சம் சேர்க்கிறேன். கரு 24, 25 வாரத்தில் ஒலி கேட்கத் தொடங்கிவிடும். கர்ப்பத்தின் கடைசி ஆறு வாரம் தாய் தினமும் வாசித்த பத்தியைப் பிறந்த குழந்தை அடையாளம் காண்கிறது என்று 1986இல் டிகாஸ்பரும் ஸ்பென்ஸும் காட்டினார்கள். குழந்தை சூப்பானைச் சப்பும் வேகத்தை வைத்து அளந்தார்கள். அதனால் பிறந்த முதல் வாரமே வாசிக்கலாம், அவசரம் என்று யாரும் சொல்ல முடியாது.

ஆனால் தீவிர சிகிச்சைப் பிரிவில் ஒலி 45 டெசிபலைத் தாண்டக் கூடாது என்பது பரிந்துரை. நாம் சாதாரணமாகப் பேசுவதே ஏறக்குறைய 60. எனவே குரலைத் தணித்து, கங்காரு முறையில் மார்போடு அணைத்திருக்கும் நேரத்தில், இரண்டு மூன்று நிமிடம் போதும். என்ன வாசிக்கிறீர்கள் என்பது இங்கே பொருட்டே இல்லை. செய்தித்தாளின் விளையாட்டுப் பக்கத்தை அப்பா முணுமுணுத்தாலும் சரி.

நிறுத்த வேண்டிய அறிகுறிகள்: விரல்களை விசிறிபோல் விரிப்பது, முதுகை வளைப்பது, விக்கல், திரும்பத் திரும்பக் கொட்டாவி, முகத்தைத் திருப்புவது. "போதும்" என்று அது சொல்கிறது. "ஒரு பக்கம்தானே பாக்கி" என்று முடிக்கப் பார்க்காதீர்கள். வீட்டுக்குப் போனபின் படம் காட்டுவதானால் 20–30 செ.மீ. தூரத்தில் பிடியுங்கள். கறுப்பு வெள்ளையில் பெரிய உருவம் ஒன்று போதும். வெளிர் நிறத்தில் நுணுக்கமாக வரைந்த படம் நமக்கு அழகு, அதற்கு வெறும் மங்கல்.

சிறுவர் நூலகர்

நாலு மாதத்துக்கு மேல் புத்தகம் வாய்க்குள் போகும். அதைத் தடுத்துத் தடுத்தே பலர் வாசிப்பை விட்டுவிடுகிறார்கள். மெல்லட்டும். துணிப் புத்தகமானால் துவைத்து வெயிலில் காயப்போடலாம். கெட்டி அட்டைப் புத்தகத்தை ஈரத்துணியால் துடைத்து, விரித்து நிற்க வைத்து உலர்த்துங்கள். மூடி வைத்தால் எச்சில் ஊறி ஓரம் உப்பி, அட்டை அடுக்கு அடுக்காகப் பிரியும். பிரிந்த துண்டு தொண்டையில் போகும், அப்போது அந்தப் புத்தகத்தைக் கழித்துவிட வேண்டியதுதான்.

தமிழில் கெட்டி அட்டைப் புத்தகம் குறைவு, கிடைப்பதில் பெரும்பாலானவை நடுவில் பின் அடித்த மெல்லிய தாள். பின்னைப் பிடுங்கிவிட்டு நூலால் தைத்துக்கொள்ளுங்கள். சென்னையின் தூலிகா இருமொழிப் படப்புத்தகங்கள் போடுகிறது. பிரதம் புக்ஸின் ஸ்டோரிவீவர் தளத்தில் (2015இல் தொடங்கியது) தமிழ்க் கதைகளை இலவசமாக இறக்கி அச்சிடலாம். முதல் நிலைக் கதைகளை எடுங்கள், பக்கத்துக்கு ஓரிரு வரிதான் இருக்கும். லேமினேட் செய்தால் நாலு மூலைகளையும் கத்தரித்து வட்டமாக்க மறக்க வேண்டாம், கண்ணில் குத்தும்.

பொத்தானை அழுத்தினால் சத்தம் போடும் புத்தகத்தை வாங்கினால், பேட்டரி மூடியில் திருகாணி இருக்கிறதா என்று பாருங்கள். பொத்தான் பேட்டரியை விழுங்கினால் இரண்டு மணி நேரத்துக்குள் உணவுக்குழாய் புண்ணாகிவிடும்.

கேள்வி

கதையை நல்ல குரலில் பதிவு செய்து போட்டுவிட்டால் போதாதா, அக்கா? வேலைக்குப் போகிறவர்கள் என்ன செய்வது?

பேச்சுப் பயிற்சியாளர்

போதாது, தம்பி. பெட்ரிஷியா கூல் குழுவின் 2003 ஆய்வைப் பாருங்கள். ஒன்பது மாத அமெரிக்கக் குழந்தைகளுக்கு 12 அமர்வுகள், ஒவ்வொன்றும் 25 நிமிடம், நேரில் உட்கார்ந்து மாண்டரினில் வாசித்து விளையாடினார்கள். அந்த மொழியின் ஒலிகளைக் குழந்தைகள் பிரித்துக் கேட்டார்கள். அதே ஆட்கள், அதே புத்தகங்கள், ஆனால் வீடியோவிலும் ஒலிப்பதிவிலும் என்றபோது ஒன்றுமே ஒட்டவில்லை. ஒலிப்பதிவு குழந்தைக்காக அந்த ஐந்து எண்ணிக் காத்திருக்காது, பாருங்கள். வேலைக்குப் போகிறவர்கள் இரவு பால் குடிக்கும் முன் ஐந்து நிமிடம் வாசித்தால் போதும், அதை மட்டும் விடாதீர்கள்.

கேள்வி

"குரங்கு மரத்தில் ஏறியது" என்றே வாசிப்பதா, "கொரங்கு மரத்துல ஏறுச்சு" என்று மாற்றுவதா?

சிறுவர் நூலகர்

எழுதியபடியே வாசிக்க வேண்டும் என்பது என் கட்சி. எதுகையும் சந்தமும் உள்ள வரியைப் பேச்சுக்கு மாற்றினால் தாளம் உடைகிறது. பள்ளியில் எழுத்துத் தமிழ் திடீரென்று முகத்தில் அறையாமலும் இருக்கும்.

பேச்சுப் பயிற்சியாளர்

பாட்டுக்குச் சரி, சார். உரைநடைக்கு ஒன்றரை வயதுவரை பேச்சுத் தமிழே நல்லது. வீட்டில் "ஏறுச்சு" என்று கேட்கிற குழந்தை புத்தகத்திலும் "ஏறுச்சு" என்று கேட்டால்தான் அந்தச் சொல் பிடிபடும். அதற்குமேல் முதலில் அச்சில் உள்ளபடி ஒருமுறை, உடனே பேச்சில் ஒருமுறை. "குரங்கு மரத்தில் ஏறியது. ஏறுச்சா? எங்க ஏறுச்சு?" இரண்டு தமிழும் ஒரே மூச்சில் போய்விடும்.

கேள்வி

பகலில் ஆயாதான் பார்த்துக்கொள்கிறார். அவருக்கு எழுத்துத் தெரியாது.

பேச்சுப் பயிற்சியாளர்

இந்த வயதுக்கு எழுத்தே தேவையில்லை. படத்தைப் பார்த்து ஆயா சொல்கிற கதை பெரும்பாலும் அச்சில் உள்ளதைவிட நீளமாகவும் உயிரோடும் இருக்கும். ஒன்றே ஒன்று சொல்லிவையுங்கள்: இன்றைக்கு 'முயல்', நாளைக்கு 'வெள்ளக்குட்டி' என்று மாற்றாமல், கொஞ்ச நாளைக்கு ஒரே பெயரில் கூப்பிடட்டும். ஒரே புத்தகத்தைப் பத்தாவது தடவை கேட்டாலும் அலுக்காமல் காட்டட்டும்.

ஆறு மாதமாகியும் குழந்தை ஆயாவின் குரலுக்குத் தலை திருப்பவில்லை என்றால் இன்னும் கொஞ்ச நாள் பார்ப்போம் என்று இருக்காதீர்கள். முதலில் செவித்திறன் சோதனைக்குக் கூட்டிப் போங்கள்.