தாளம் பிசகும் மிடி டிராக்: ஆடியோவாக மாற்றிய பின் திருத்துவதா, மாற்றும் முன்பே திருத்துவதா?

நெல்லைக்கீபோர்டு எழுதியது:

வணக்கம். ஒரு மெல்லிசைப் பாடலுக்கு வீட்டிலேயே இசைக்கோப்பு செய்துகொண்டிருக்கிறேன். வேகம் நிமிடத்துக்கு 96 அடி, திஸ்ர நடை. மிருதங்கத்தை நண்பர் ஒருவர் கிளிக்கை (தாள அடியைக் காட்டும் டிக் ஒலியை) கேட்டபடி வாசிக்க, இரண்டு மைக் வைத்துப் பதிவு செய்தோம். பியானோவை மிடி (ஒலியை அல்ல, வாசிப்புக் கட்டளைகளை மட்டும் பதியும் முறை) கீபோர்டில் நானே வாசித்தேன். வயலின் குழுவுக்கு மென்பொருள் கருவி ஒன்றைப் பயன்படுத்தி, ஸ்வரங்களை மவுஸால் கிரிட் (திரையில் தாளப் பகுப்பைக் காட்டும்) கோட்டின் மேலேயே வைத்திருக்கிறேன். ஆனாலும் வயலின்கள் மிருதங்கத்துக்குப் பின்னால் இழுபடுகின்றன. பியானோவைக் குவாண்டைஸ் செய்தபின் (ஸ்வரங்களைத் தானாகக் கிரிட் கோடுகளுக்கு இழுத்தபின்) நடையே நொண்டுகிறது. எல்லாவற்றையும் ஆடியோவாக மாற்றி, அலைவடிவத்தைப் பார்த்து வெட்டி நகர்த்தும்படி ஒலிப்பதிவுத் துறை நண்பர் ஒருவர் சொல்கிறார். மிடியாக இருக்கும்போதே முடித்துவிட வேண்டும் என்கிறார் இன்னொருவர். எது முறை என்பதைக் காரணத்தோடு விளக்கினால் உதவியாக இருக்கும்.

தளவாடம் எழுதியது:

மிடியாக இருக்கும்போதே முடியுங்கள். மிடி டிராக்கில் ஒலி கிடையாது. எந்த ஸ்வரம், எந்த இடத்தில் தொடங்கி எங்கே முடிகிறது, எவ்வளவு அழுத்தம் என்ற கட்டளைகள் மட்டுமே அதில் உள்ளன. ஒரு ஸ்வரத்தை முன்னே நகர்த்துவதென்றால் ஓர் எண்ணை மாற்றுகிறீர்கள், அவ்வளவுதான். ஒலியின் தரத்தில் ஒரு துளியும் குறையாது. ஓர் அடியை 960 டிக்குகளாகப் பகுக்கும் மென்பொருளில், 96 வேகத்தில் ஒரு டிக் ஏறத்தாழ 0.65 மில்லி செகண்ட். இதைவிட நுட்பமாக நகர்த்த வேண்டிய தேவை மெல்லிசையில் வராது.

பியானோ நொண்டுவதற்குக் காரணம் தவறான கிரிட் என்றே நினைக்கிறேன். 96 வேகத்தில் ஓர் அடி 625 மில்லி செகண்ட். திஸ்ரத்தில் அதை மூன்றாகப் பகுத்தால் தகிட என்ற சொல்லின் ஒவ்வோர் எழுத்துக்கும் 208 கிடைக்கும். நீங்கள் பதினாறில் ஒன்று (அடியை நான்காகப் பகுக்கும்) என்ற கிரிட்டில் குவாண்டைஸ் செய்திருந்தால், 208இல் இருக்க வேண்டிய இரண்டாவது ஸ்வரம் முன்னால் 156க்கு இழுக்கப்படும். 417இல் இருக்க வேண்டிய மூன்றாவது ஸ்வரம் பின்னால் 469க்குத் தள்ளப்படும். சமமாக இருந்த மூன்று இடைவெளிகளும் 156, 313, 156 என்று ஆகிவிடுகின்றன. அன்டூ செய்துவிட்டு டிரிப்லெட் (அடியை மூன்றாகப் பகுக்கும்) கிரிட்டை எடுங்கள். நூறு சதவீதம் இழுக்காமல் அறுபது சதவீதம் இழுத்தால், 20 மில்லி செகண்ட் விலகியிருக்கும் ஸ்வரம் 8 மில்லி செகண்ட் விலகலில் நிற்கும். கை வாசிப்பின் உயிரும் போகாது.

இன்னொன்றையும் பாருங்கள். பியானோ வாசித்தபோது பஃபர் (கணினி ஒருமுறைக்குச் சேர்த்துக் கையாளும் ஒலித்துண்டு) 1024 சாம்பிளில் இருந்ததா? நொடிக்கு 48,000 சாம்பிள் (ஒலி அளவீடு) என்ற வீதத்தில் அந்தப் பஃபர் மட்டுமே 21 மில்லி செகண்ட் தாமதத்தைக் கொடுக்கும். விசையை அழுத்தியபின் ஒலி தாமதமாகக் கேட்பதால், கை தன்னை அறியாமல் முந்தி வாசிக்கப் பழகிவிடும். ஸ்வரங்கள் எல்லாம் சற்று முன்னதாகவே பதிவாகிவிடும். அப்படியானால் குவாண்டைஸே தேவையில்லை. கிளிப் முழுவதையும் ஒரே அளவில் பின்னே தள்ளினால் போதும்.

வயலின்கள் இழுபடுவது வில் மெதுவாக ஏறுவதால். ஸ்வரம் கோட்டில் தொடங்கினாலும் காதுக்கு எட்டும் அளவு ஒலி எழச் சிறிது நேரம் பிடிக்கிறது. க்யூபேஸ், லாஜிக், ஏபிள்டன் லைவ், ரீப்பர் ஆகிய இசைப்பதிவு மென்பொருள்கள் எல்லாவற்றிலும் டிராக்கை முன்கூட்டியே ஒலிக்கச் செய்யும் மைனஸ் டிலே வசதி உண்டு. அதைக் கொடுங்கள். பாடல் முதல் அடியிலேயே தொடங்கினால், முன்னால் ஒரு வெற்று ஆவர்த்தனம் விடுங்கள். இல்லாவிட்டால் முதல் ஸ்வரத்தின் தலை வெட்டுப்படும்.

அலைவரி எழுதியது:

தளவாடம் அவர்கள் பியானோவைப் பற்றிச் சொன்னதில் எனக்கு மறுப்பு இல்லை. வயலின் விஷயத்தில் முழுமையாக மறுக்கிறேன்.

மிடி ஸ்வரம் தொடங்கும் இடமும் ஒலி தொடங்கும் இடமும் ஒன்றல்ல என்று அவரே ஒப்புக்கொள்கிறார். அப்படியிருக்க, ஒலியின் தொடக்கத்தைக் காட்டாத ஒரு திரையைப் பார்த்துக்கொண்டு ஏன் திருத்த வேண்டும்? ஒரே வயலின் டிராக்கில் குறுகிய வீச்சும் இருக்கும், ஸ்வரத்திலிருந்து ஸ்வரத்துக்கு வழுக்கிச் செல்லும் லெகாட்டோவும் இருக்கும். குறுகிய வீச்சு உடனே எழும். லெகாட்டோ அதைவிட வெகுநேரம் கழித்தே அடுத்த ஸ்வரத்தில் போய் உட்காரும். டிராக் முழுவதற்கும் ஒரே மைனஸ் மதிப்பைக் கொடுத்தால், லெகாட்டோ சரியாகும்போது குறுகிய வீச்சுகள் முந்தும். ஆடியோவாக மாற்றிவிட்டால் ஒவ்வொரு வீச்சும் எங்கே எழுகிறது என்பது கண்ணுக்கே தெரியும். பிசகியதை மட்டும் வெட்டி, நகர்த்தி, ஓரங்களைக் கிராஸ்ஃபேடால் (ஒன்று தேய மற்றொன்று எழும்படி) இணைத்துவிடலாம்.

இரண்டாவது காரணம் இதைவிட முக்கியமானது. பல மென்பொருள் கருவிகள் ஒரே ஸ்வரத்துக்குப் பல மாதிரிப் பதிவுகளை வைத்துக்கொண்டு, மாற்றி மாற்றி ஒலிக்கின்றன. ஒவ்வொரு மாதிரியின் எழுச்சியும் சற்று வேறுபடும். பாடலை நடுவிலிருந்து ஓட்டினால் ஒரு மாதிரியும், தொடக்கத்திலிருந்து ஓட்டினால் வேறொரு மாதிரியும் வரக்கூடும். நேற்றுக் காதால் கேட்டுத் திருத்திய ஸ்வரம் இன்று வேறு மாதிரியில் ஒலித்தால், எதைத் திருத்தினீர்கள்? ஆடியோவாக மாற்றினால்தான் அது ஓரிடத்தில் நிலைக்கும். நிலைத்த ஒன்றைத்தான் திருத்த முடியும்.

தளவாடம் எழுதியது:

வெட்டி நகர்த்தலாம் என்று எழுதுவது எளிது. லெகாட்டோ ஒரு தொடர் ஒலி. இரண்டு ஸ்வரங்களுக்கு இடையிலுள்ள வழுக்கலை எந்த இடத்தில் வெட்டுவீர்கள்? முந்தைய ஸ்வரத்தின் வால் அடுத்த ஸ்வரத்தின் தலையோடு கலந்திருக்கும். வெட்டினால் அந்த வால் அறுபடும். வெட்டாமல் இழுத்து நீட்டினால், விரல் ஊட்டும் அதிர்வு நீட்டிய இடத்தில் மெதுவாகவும் சுருக்கிய இடத்தில் வேகமாகவும் கேட்கும். ஹெட்போனில் கேட்பவர் அதைக் கண்டுபிடித்துவிடுவார்.

ஒரே மைனஸ் மதிப்பு எல்லாவற்றுக்கும் பொருந்தாது என்பது உண்மை. அதற்குத் தீர்வு மிடிக்குள்ளேயே இருக்கிறது: குறுகிய வீச்சுகளை ஒரு டிராக்கிலும் லெகாட்டோவை வேறொரு டிராக்கிலும் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் தனி மதிப்பைக் கொடுங்கள். மீதமுள்ள ஓரிரு ஸ்வரங்களைக் கையால் நகர்த்துங்கள்.

பாடல் இன்னும் முடியவில்லை என்பதையும் மறக்க வேண்டாம். பாடகி வந்து, சுருதி அரைக்கட்டை குறைய வேண்டும் என்பார். வேகம் 98 ஆனால் நன்றாயிருக்கும் என்று ஒருவர் சொல்வார். மிடி டிராக்குக்கு இவை இரண்டும் நொடி வேலை. ஆடியோவில் வெட்டி ஒட்டிய வயலினுக்கு, செய்த வேலை முழுவதையும் மறுபடி செய்ய வேண்டும். ஸ்வரக் குறிப்பைத் திருத்தாமல், கச்சேரிப் பதிவை வெட்டித் திருத்துவது போன்றது இது.

அலைவரி எழுதியது:

சுருதியும் வேகமும் முடிவாகும் முன்னர் யாரும் நுண்திருத்தத்தில் இறங்கக் கூடாது. மிடியாயினும் ஆடியோவாயினும் இது பொருந்தும். ஆகவே அந்த வாதம் என் முறைக்கு எதிரானதாகாது. வால் அறுபடும் என்கிறீர்கள். ரிவர்பை (எதிரொலி விளைவை) அணைத்துவிட்டு ரெண்டர் செய்து (ஆடியோவாக மாற்றி), திருத்தி முடித்தபின் ரிவர்பைச் சேர்த்தால், வெட்டின் தடம் பெரும்பாலும் மறைந்துவிடும். வெட்ட இடமே இல்லாத நீண்ட லெகாட்டோத் தொடர்களை மிடியில் திருத்துங்கள் என்பதை ஏற்கிறேன்.

வெளிக்கருவி இருந்தால் என்ன செய்வீர்கள்? 1983இல் வெளிவந்த மிடி தரத்தின்படி, ஐந்து முள் கேபிளில் நொடிக்கு 31,250 பிட்டுகள்தான் செல்லும். ஒரு ஸ்வரத்தைத் தொடங்கும் கட்டளை மூன்று பைட். ஒவ்வொரு பைட்டுக்கும் தொடக்க, இறுதி பிட்டுகளோடு பத்து பிட். ஆக ஒரு ஸ்வரம் கேபிளைக் கடக்க ஏறத்தாழ 1 மில்லி செகண்ட் ஆகிறது. இரு கையாலும் பத்து ஸ்வரக் கார்டு ஒன்றை அனுப்பினால், கடைசி ஸ்வரம் 9.6 மில்லி செகண்ட் கழித்தே போய்ச் சேரும். மீளும் முதல் பைட்டை விட்டுவிட்டு அனுப்பும் சுருக்க முறையிலும் 6.7 ஆகும். யூ.எஸ்.பி. இணைப்புக்கு இந்த வேக வரம்பு இல்லை என்றாலும், கருவி தன் உள்ளே ஒலியை உண்டாக்க எடுத்துக்கொள்ளும் நேரம் அங்கேயும் உண்டு. இந்தத் தாமதங்கள் எவையும் மிடித் திரையில் தெரியாது. பதிவான அலையில்தான் தெரியும். பழைய சிந்தசைசரின் ஒலியை விரும்பிச் சேர்ப்பவர், அதைப் பாடல் ஓடும் நேரத்திலேயே ஆடியோவாகப் பதிந்து, அங்கேதான் திருத்தியாக வேண்டும்.

தொப்பிநாதம் எழுதியது:

நான் மிருதங்கம் வாசிப்பவன். வீட்டுப் பதிவுகளுக்கு அடிக்கடி வாசித்துக் கொடுக்கிறேன். இருவரும் கிளிக்கையே அளவுகோலாக வைத்துப் பேசுகிறீர்கள். பாடலில் மனிதர் வாசித்த தாளக்கருவி ஒன்று இருக்கும்போது, மற்றவை அதனோடு சேர வேண்டுமே தவிர, அதை வெட்டி கிரிட்டில் நிறுத்தக் கூடாது. தேர்ந்த வாசிப்பில் கார்வையின் (நீட்டிய இடைவெளியின்) முடிவு கோட்டுக்குச் சற்றுப் பின்னே விழும். தீர்மானத்தில் (மும்முறை வாசிக்கும் முடிப்பில்) மூன்றாவது சுற்று சற்று இறுக்கமாக வரும். இவை பிசகு அல்ல. இவற்றை நேராக்கினால் மிருதங்கத்தின் ஒலி மட்டும்தான் மிஞ்சும்; வாசிப்பு போய்விடும்.

ஏதாவது ஓர் அடி உண்மையிலேயே தவறியிருந்தால் வெட்டத்தான் வேண்டும். அப்போது வலந்தலை (வலப்பக்க) மைக்கையும் தொப்பி (இடப்பக்க) மைக்கையும் ஒரே குழுவாகக் கட்டி, இரண்டையும் ஒரே இடத்தில் வெட்டி, ஒரே அளவு நகர்த்துங்கள். வலந்தலையின் சாப்பு என்ற அடி தொப்பி மைக்கிலும் விழுந்திருக்கும். ஒன்றை மட்டும் நகர்த்தினால், ஒரே அடி இரண்டு முறை கேட்கும். விலகல் மிகச் சிறியதானால் இரண்டும் ஒன்றையொன்று தின்று, ஒலி மெலிந்து உள்ளீடற்றதாகிவிடும். கும்காரத்தின் (தொப்பியில் எழும் வளைந்த ஒலியின்) நடுவில் ஒருபோதும் வெட்டாதீர்கள். அதன் வளைவு முடியும்வரை காத்திருந்து, அடுத்த அடிக்குச் சற்று முன்னால் வெட்டுங்கள்.

என் யோசனை இதுதான்: மிருதங்க ஆடியோவிலிருந்து குரூவை (அடிகள் விழும் நேர அமைப்பை) எடுங்கள். லாஜிக், க்யூபேஸ், லைவ், ப்ரோ டூல்ஸ் ஆகியவற்றில் இது முடியும். பியானோ மிடியைக் கிரிட்டுக்குப் பதிலாக அந்தக் குரூவுக்குக் குவாண்டைஸ் செய்யுங்கள்.

அலைவரி எழுதியது:

குரூ யோசனையை வரவேற்கிறேன். ஆனால் அதற்குமுன் ஒரு சோதனை அவசியம். மிருதங்கப் பதிவு முழுவதும் ஒரே அளவில் தள்ளிப்போயிருந்தால், அதன் காரணம் வாசித்தவர் அல்ல. இன்டர்ஃபேஸின் (மைக்கைக் கணினியோடு இணைக்கும் கருவியின்) தாமதத்தை மென்பொருள் சரியாகக் கணக்கிடாததுதான். அந்த நிலையில் குரூவை எடுத்தால், பிழை எல்லா டிராக்குக்கும் பரவும்.

இன்டர்ஃபேஸின் அவுட்புட்டிலிருந்து இன்புட்டுக்கு ஒரு கேபிளைச் செருகுங்கள். ஸ்பீக்கரையும் இன்புட் மானிட்டரையும் அணைத்துவிட்டு, டிராக்கில் உள்ள ஒரு கிளிக் ஒலியை ஓட்டி, அதையே புதிய டிராக்கில் பதியுங்கள். இரண்டு அலைகளையும் பெரிதாக்கிப் பார்த்து, எத்தனை சாம்பிள் விலகல் என்று அளந்து, அந்த எண்ணைப் பதிவுத் தாமத அமைப்பில் எழுதுங்கள். ஏற்கெனவே பதிந்த மிருதங்கத்தை அதே அளவு முன்னே நகர்த்துங்கள். பதிவின்போது இருந்த அதே பஃபர் அளவில்தான் இதைச் செய்ய வேண்டும்.

நெல்லைக்கீபோர்டு எழுதியது:

அனைவருக்கும் நன்றி. கேபிள் சோதனையில் 336 சாம்பிள் விலகல் தெரிந்தது. 48,000 வீதத்தில் அது 7 மில்லி செகண்ட். மிருதங்கத்தை இரண்டு மைக்கும் சேர்ந்தபடி முன்னே நகர்த்தினேன். பியானோவை அன்டூ செய்து, மிருதங்கத்தின் குரூவுக்கு அறுபது சதவீதம் இழுத்தபோது நொண்டல் முற்றிலும் போய்விட்டது. வயலின்களை இரண்டு டிராக்காகப் பிரித்துத் தனித்தனி மைனஸ் மதிப்பு கொடுத்ததில், பல்லவியும் அனுபல்லவியும் நன்றாக அமர்ந்துவிட்டன. சரணத்தில் குறுகிய வீச்சுகள் மட்டும், ஒவ்வொரு முறை ஓட்டும்போதும் ஒவ்வொரு விதமாகக் கேட்கின்றன.

அலைவரி எழுதியது:

நான் சொன்ன மாதிரிச் சுழற்சி அங்கே வேலை செய்கிறது. அந்தச் சரணத்தை மட்டும் இரண்டு, மூன்று முறை ரெண்டர் செய்து, நன்றாக விழுந்ததைத் தேர்ந்தெடுங்கள். பிசகிய வீச்சை மற்றொரு ரெண்டரிலிருந்து எடுத்து ஒட்டுங்கள். மிடியில் எவ்வளவு நேரம் செலவிட்டாலும் இது கைக்கு வராது.

தளவாடம் எழுதியது:

கருவியின் அமைப்பில் அந்தச் சுழற்சியை நிறுத்த வழியிருக்கிறதா என்று முதலில் பாருங்கள், பலவற்றில் உண்டு. நிறுத்தினால் ஒரே மாதிரிப் பதிவு திரும்பத் திரும்ப ஒலித்து இயந்திரத்தனமாகத் தோன்றுமானால், அலைவரி சொல்வதுபோல அந்தச் சரணத்தை மட்டும் ஆடியோவாக்குங்கள். அதற்குமேல் வேண்டாம் என்பதே என் நிலை. ரெண்டர் செய்த கிளிப்பின் புதிய டிராக்கிலும் பழைய மைனஸ் மதிப்பு ஒட்டிக்கொண்டிருந்தால், அதைப் பூஜ்யமாக்குங்கள். இல்லையென்றால் ஒரே திருத்தம் இரண்டு முறை விழும். மிடி டிராக்கை அழிக்காமல் மியூட் செய்து வையுங்கள். லைவில் ஃப்ரீஸ் செய்து ஃபிளாட்டன் கொடுத்தால் (ஆடியோவாக நிலைப்படுத்தினால்) மிடி போய்விடும் என்பதால், அதற்குமுன் டிராக்கை டூப்ளிகேட் செய்துகொள்வது கட்டாயம்.