மெல்லிய பிபி மூடியில் மூலை நிரம்பவில்லை: அமுக்கத்தைக் கூட்டவா, சூட்டைக் கூட்டவா?

மட்டக்குளி மோல்டர்

சாப்பாட்டுப் பெட்டி மூடி, பிபி (பொலிப்புரொப்பிலீன் பிளாஸ்டிக்). 170 × 110 மி.மீ., தடிப்பு 0.8. கேட் (உருகல் மோல்டுக்குள் நுழையும் வாய்) ஒரு குறுகிய பக்கத்தில். உருகிய பிளாஸ்டிக்கை மோல்டுக்குள் தள்ளும் 120 தொன் ஹைட்ரோலிக் மெஷின். பொருளின் எம்.எஃப்.ஐ. (உருகல் ஓடும் அளவு, கூடினால் இலகுவாக ஓடும்) 12. பரல் 200/215/225, நொசில் 230 பாகை. கேஜில் (மெஷினின் எண்ணெய் அமுக்கம்) எல்லை 90 பார், நிரம்ப 1.4 செக்கன் எடுக்கிறது. கேட்டுக்கு எதிரே இரண்டு மூலையும் குறையாக வருகின்றன. ஹோல்டிங்கைக் (நிரப்பிய பின் தொடர்ந்து அழுத்தும் அமுக்கத்தை) கூட்டினால் கேட் பக்கம் பிசிர் (மோல்ட் இடுக்கில் கசியும் மெல்லிய ஓரம்) வருகிறது, மூலை அப்படியே நிற்கிறது. சூட்டை 255 வரை ஏற்றினால் மணமும் மஞ்சளும்தான் மிச்சம். எதைப் பிடிப்பது?

இரத்மலானை அச்சு

வேகத்தைப் பிடியுங்கள். பீக் அமுக்கம் 90 பாரைத் தொட்டு நிற்கிறதா என்று முதலில் பாருங்கள். தொட்டால், நீங்கள் போட்ட வேகத்தை மெஷின் தரவில்லை, எல்லை அதைப் பிடித்து வைத்திருக்கிறது. 1.4 செக்கனில் 0.8 மி.மீ. சுவர் இரண்டு பக்கமும் உறைந்துகொண்டே வரும். நடுவில் மிஞ்சும் வழி ஒடுங்க ஒடுங்க, கேட்டில் எவ்வளவு தள்ளினாலும் மூலைக்குப் போய்ச் சேராது. தள்ளியதெல்லாம் கேட் பக்கமே தேங்கி மோல்டைத் திறக்கும். மூடியின் பரப்பு 187 சதுர செ.மீ.; உள்ளே சராசரி 63 மெகாபஸ்காலைத் தாண்டினால் 120 தொன் பூட்டு (மோல்டை மூடிப் பிடிக்கும் விசை) தாங்காது.

உருகிய பிபியை வேகமாக இழுக்க இழுக்க அது இளகும். 1.4 செக்கனை 0.4 ஆக்கினால் சறுக்கு வீதம் (உருகலின் அடுக்குகள் ஒன்றன்மேல் ஒன்று வழுக்கும் வேகம்) 3.5 மடங்கு ஏறும், பிசுக்குமை (ஓட்டத்தைத் தடுக்கும் தடிப்பு) பாதிக்கும் கீழே போகும். அதனால் தேவைப்படும் அமுக்கம் 3.5 மடங்கு ஆகாது, ஒன்றரை மடங்குக்குக் கிட்டத்தான் வரும். உறைவு குறைவதால் அதிலும் கொஞ்சம் மிச்சம்.

செய்யும் ஒழுங்கு: ஹோல்டிங்கைப் பூச்சியமாக்குங்கள். எல்லையை 140 பாருக்கு ஏற்றுங்கள். ஸ்விட்ச் ஓவரை (நிரப்புவதிலிருந்து ஹோல்டிங்குக்கு மாறும் இடத்தை) முதலில் முன்கூட்டியே வையுங்கள், மூடி முக்கால்வாசி நிரம்பினால் போதும். பிறகு வேகத்தைப் படிப்படியாகக் கூட்டி, 95–98% நிரம்பும் இடத்துக்கு ஸ்விட்ச் ஓவரை நகர்த்துங்கள். ஹோல்டிங்கைக் கடைசியில்தான் தொட வேண்டும். ஸ்விட்ச் ஓவர் பிந்தினால் இந்த வேகத்தில் பிசிர் நிச்சயம்.

பிசுக்குமை

மேலே சொன்னது சரி. சூடு ஏன் உதவவில்லை என்பதையும் சேர்க்கிறேன். பிபியை 230இலிருந்து 250 ஆக்கினாலும், இன்ஜெக்‌ஷன் வேகத்தில் பிசுக்குமை 10–15% தான் இறங்கும். அதற்காகப் பொருளைக் கருக விடுவது நட்டம். அமுக்கத்துக்கு இன்னொரு முகமும் இருக்கிறது: சங்கிலிகள் நெருங்குவதால் உருகிய பிளாஸ்டிக்கே தடிக்கும். பொலித்தீனில் இது குறைவு, பொலிஸ்டைரீனில் மிக அதிகம். கேஜில் 90 பார் என்றால் நொசிலில் ஏறக்குறைய 900 பார். சரியான விகிதம் மெஷின் தகட்டில் இருக்கும். அந்த அளவில் இதைக் கணக்கில் எடுக்காமல் விட முடியாது.

டிஸ்ப்ளே காட்டுவது பரல் இரும்பின் சூடு. உருகலை வெளியே கக்கவிட்டு, முன்கூட்டிச் சூடாக்கிய ஊசி புரோபைக் குத்திப் பாருங்கள். பாக் பிரஷரும் (ஸ்க்ரூ பின்னால் வரும்போது அதை எதிர்க்கும் அமுக்கம்) ஸ்க்ரூ வேகமும் கூடினால் அது செட் பண்ணியதைவிட 10–20 பாகை கூடவே இருக்கும்.

பொருளையும் யோசியுங்கள். 170ஐ 0.8ஆல் வகுத்தால் 212. அந்த ஓட்ட நீளத்துக்கு எம்.எஃப்.ஐ. 12 தடித்த பொருள். 30–60 தரம் எடுத்தால் பாதி வேலை முடியும். ஆனால் ஃப்ரிட்ஜில் வைத்த மூடி விழுந்தால் உடைகிறதா என்று சோதித்த பிறகே மாற்றுங்கள். எம்.எஃப்.ஐ. 230 பாகையில் 2.16 கிலோ பாரத்தில் மெதுவாக அளப்பது. உங்கள் மோல்டின் வேகம் அதைவிடப் பல மடங்கு, ஆகவே ஒரே இலக்கமுள்ள இரு பொருள் ஒரே மாதிரி ஓடும் என்றில்லை.

இரத்மலானை அச்சு

வேகத்தைக் கூட்டியதும் மூலையில் கறுப்பு எரிவு வந்தால் அது சிக்கிய காற்று. அங்கே 0.02 மி.மீ. ஆழத்தில் வென்ட் (காற்று வெளியேறும் பள்ளம்) வெட்டுங்கள். மோல்டைக் குளிர்விக்கும் சில்லர் தண்ணீரை 12 பாகையில் விடுபவர்களும் இருக்கிறார்கள். கொழும்புக் காற்றின் பனிநிலை (காற்றின் ஈரம் நீராகப் படியும் சூடு) 24 பாகைக்குக் கிட்ட, ஆகவே மோல்ட் வியர்த்துத் துருப்பிடிக்கும். இந்த மூடிக்கு 30 போதும், ஓட்டத்துக்கும் அதுவே நல்லது.

மட்டக்குளி மோல்டர்

பீக் 90இல்தான் முட்டி நிற்கிறது. எல்லையை ஏற்றிப் பார்க்கிறேன். அடுத்த வேலை பொலிகார்பனேட் கவர். அதற்கும் இதே வழிதானா?

பிசுக்குமை

இல்லை, அங்கே சூடுதான் பெரிய நெம்புகோல். 290இலிருந்து 310 ஆக்கினால் பிசுக்குமை பாதியளவுக்கு இறங்கும். வேகத்தால் இளகுவது பிபியைவிடக் குறைவு. 120 பாகையில் 4 மணித்தியாலம், உலர்காற்று டிரையரில் காய வைத்து ஈரத்தை 0.02%க்குக் கீழே கொண்டுவாருங்கள். எங்கள் ஈரக் காற்றை அப்படியே சூடாக்கி ஊதும் சாதாரண ஹொப்பர் டிரையர் காணாது. காயாத பொலிகார்பனேட் இலகுவாக ஓடும், மூலையும் நிரம்பும். ஆனால் அது சங்கிலி அறுந்த ஓட்டம். ஈரத்தால் வரும் வெள்ளிக் கோடு தெரியாவிட்டாலும் கவர் விழுந்தால் நொறுங்கும்.