கல்லூரி அணிக்குத் தலைமைப் பயிற்சியாளர்: ஆலோசனை வேண்டும்

அனைவருக்கும் வணக்கம். கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்துக் கொழிஞ்சாம்பாறைப் பகுதியில் உள்ள எங்கள் கல்லூரியின் பெண்கள் கூடைப்பந்து அணிக்குப் புதிய தலைமைப் பயிற்சியாளரைத் தேர்ந்தெடுக்க வேண்டியுள்ளது. விண்ணப்பித்தவர்களுள் ஒருவர் பாட்டியாலா தேசிய விளையாட்டு நிறுவனத்தில் பயிற்சிப் பட்டயம் பெற்றவர். மற்றவர் பட்டயம் பெறாவிடினும் பல்லாண்டுகள் ஆடியவர், மாணவியரிடம் தமிழிலும் மலையாளத்திலும் சரளமாகப் பேசக்கூடியவர். எங்கள் பிள்ளைகள் 24 விநாடிக் கடிகாரம் (பந்தைப் பெற்ற அணி அதற்குள் வளையத்தை நோக்கி எறிந்தாக வேண்டும்) முடியும் தறுவாயில் பதறிப்போய்ப் பந்தை எறிந்துவிடுகிறார்கள். வளையத்தில் பட்டுத் திரும்பும் பந்தைத் தாங்களே பிடித்தால் மேலும் 14 விநாடி கிடைக்கும் என்ற நிதானமும் அவர்களுக்கு வருவதில்லை. இதைத் திருத்தக்கூடியவரே வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. நேர்காணலோடு நிறுத்தாமல் இருவரையும் ஆளுக்கொரு மாலை களத்தில் பயிற்சி நடத்தச் சொல்லலாமா, அப்போது எவற்றைக் கவனிக்க வேண்டும் என்று அனுபவமுள்ளவர்கள் தெரிவித்தால் பேருதவியாக இருக்கும்.