ஈரானின் எண்ணெயும் பாக்தாத் ஒப்பந்தமும்: எது எதற்காக?

கேள்வி: தேன்மொழி

அனைவருக்கும் வணக்கம். முதுகலை வரலாறு இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். ஈரான் 1951இல் தன் எண்ணெயை நாட்டுடைமையாக்கியது, 1953 ஆகஸ்டில் பிரதமர் முகமது மொசாதெக்கின் ஆட்சி கவிழ்க்கப்பட்டது, 1955இல் அதே ஈரான் பாக்தாத் ஒப்பந்தம் என்ற இராணுவக் கூட்டணியில் சேர்ந்தது ஆகிய மூன்றையும் இணைத்து ஒரு கட்டுரை எழுதிக்கொண்டிருக்கிறேன். கிணறுகளும் அபாதான் சுத்திகரிப்பு ஆலையும் ஈரானின் கையிலேயே இருந்தன. பிரிட்டன் படை எதையும் தரையிறக்கவில்லை. அப்படியிருந்தும் ஈரானால் ஏன் தன் எண்ணெயை விற்க முடியவில்லை என்பதுதான் எனக்கு விளங்காத இடம். எண்ணெய்க்காகக் கூட்டணி அமைத்தார்களா, கூட்டணிக்காக எண்ணெயைப் பிடித்தார்களா? நான் படித்தவற்றுள் சில எண்ணெய் நிறுவனங்களைப் பற்றி மட்டுமே பேசுகின்றன. மற்றவை சோவியத் அச்சத்தைப் பற்றி மட்டுமே பேசுகின்றன. இரண்டையும் சேர்த்துப் பார்க்க வழிகாட்டுவீர்களா?

மறுமொழி: ஓய்வுபெற்ற ஆசிரியர்

அன்புள்ள தேன்மொழி, கேள்வியைச் சரியான இடத்தில்தான் வைத்திருக்கிறீர்கள். எண்ணெய் பூமிக்கு அடியில் யாருக்குச் சொந்தம் என்பதைவிட, அது எந்தக் கப்பலில் ஏறி எந்தத் துறைமுகத்தில் இறங்கும் என்பதை யார் முடிவு செய்கிறார்கள் என்று பாருங்கள். 1951 முதல் 1953 வரை நடந்தது அதில் விளங்கிவிடும்.

சற்றுப் பின்னால் போக வேண்டும். ஈரானின் தென்மேற்கில் உள்ள மஸ்ஜித் சுலைமானில் 1908இல் எண்ணெய் பீறிட்டது. பிரிட்டன் தன் போர்க்கப்பல்களை நிலக்கரியிலிருந்து எண்ணெய்க்கு மாற்றிக்கொண்டிருந்த காலம் அது. நிலக்கரி அவர்களுக்கு வேல்ஸிலேயே கிடைத்தது. எண்ணெயோ உள்நாட்டில் இல்லை. ஆகவே, முதல் உலகப் போர் தொடங்குவதற்குச் சில வாரங்களுக்கு முன், 1914இல், சர்ச்சில் கடற்படை அமைச்சராக இருந்தபோது, ஈரானில் எண்ணெய் எடுத்துவந்த ஆங்கிலோ-பாரசீக எண்ணெய் நிறுவனத்தின் பெரும்பான்மைப் பங்குகளைப் பிரிட்டிஷ் அரசே வாங்கியது. அதாவது தொடக்கத்திலிருந்தே அது வெறும் வணிக நிறுவனம் அன்று. ஒரு கடற்படையின் எரிபொருள் கிடங்கு.

1950 வாக்கில் அந்த நிறுவனம் ஈரானுக்குக் கொடுத்த பங்கைவிட பிரிட்டனுக்குக் கட்டிய வரி அதிகமாக இருந்தது. அவ்வாண்டு டிசம்பரில் சவூதி அரேபியாவுக்கு, அங்கே எண்ணெய் எடுத்த அமெரிக்க நிறுவனமான அராம்கோ, லாபத்தில் சரிபாதி தர ஒப்புக்கொண்ட செய்தி தெஹ்ரானில் எத்தகைய கொதிப்பை உண்டாக்கியிருக்கும் என்பதை எண்ணிப் பாருங்கள். அடுத்த மார்ச்சில் நாட்டுடைமைச் சட்டம் நிறைவேறியது.

பிறகுதான், ஈரான் எண்ணெயை விற்க முடியாமல் போனது ஏன் என்று நீங்கள் கேட்டதற்கு விடையான முற்றுகை. பிரிட்டிஷ் தொழில்நுட்பர்கள் வெளியேறினார்கள். பெரிய நிறுவனங்கள் எவையும் ஈரானிய எண்ணெயை ஏற்றத் தம் கப்பல்களை அனுப்பவில்லை. துணிந்து ஏற்றிய ‘ரோஸ் மேரி’ என்ற கப்பல் 1952இல் பிரிட்டனின் ஆளுகையில் இருந்த ஏடன் துறைமுகத்துக்குள் கொண்டுசெல்லப்பட்டு, சரக்கு தங்களுடையது என்று அந்த நிறுவனம் அங்கேயே வழக்கு நடத்தி வென்றது. வழியில் ஒரு தளம் இருந்ததால் ஒரு நீதிமன்றமும் இருந்தது. படையை இறக்கத் தேவையில்லாமல் போனது. ஈரானின் எண்ணெய் நின்றதால் உலகுக்குத் தட்டுப்பாடும் வரவில்லை. குவைத், சவூதி, ஈராக் கிணறுகளில் உற்பத்தியைக் கூட்டி ஈடு செய்தார்கள். அந்தக் கிணறுகளும் பெரும்பாலும் அதே சில நிறுவனங்களின் கையில்தான் இருந்தன.

உங்கள் கட்டுரையின் நடுவில் வைக்க வேண்டியது, என் கருத்தில், 1954ஆம் ஆண்டு உடன்பாடு. ஆட்சிக் கவிழ்ப்பில் அமெரிக்க உளவுத் துறையும் பிரிட்டிஷ் உளவுத் துறையும் சேர்ந்து இயங்கின. அடுத்த ஆண்டு ஈரானின் எண்ணெயை எடுத்து விற்க அமைந்த கூட்டமைப்பில் பழைய பிரிட்டிஷ் நிறுவனத்துக்கு 40 விழுக்காடு, அமெரிக்க நிறுவனங்களுக்கு 40, ஷெல் நிறுவனத்துக்கு 14, பிரெஞ்சு நிறுவனத்துக்கு 6 என்று பங்கு பிரிந்தது. முழுவதையும் வைத்திருந்தவர் நாற்பதுக்கு இறங்கினார். ஒன்றும் இல்லாதிருந்தவர் நாற்பது பெற்றார். ஆதிக்கம் ஈரானின் மீது மட்டுமல்லாமல், கூட்டாளிகளுக்குள்ளேயே ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாறியதை இந்த எண்களைப் போல வேறெதுவும் காட்டாது.

மறுமொழி: வடபுலத்தான்

ஆசிரியர் ஐயா சொன்னதை ஏற்கிறேன்; ஆனால் சோவியத் பக்கத்தை வெறும் சாக்கு என்று ஒதுக்கிவிட வேண்டாம் என்று தேன்மொழியைக் கேட்டுக்கொள்கிறேன். இரண்டாம் உலகப் போர் முடிந்த பிறகும் சோவியத் படை வட ஈரானை விட்டு உடனே போகவில்லை. 1946இல் அது வெளியேறியபோது, வடக்கில் எண்ணெய் எடுக்கும் உரிமைக்கான உடன்பாட்டைப் பெற்றுக்கொண்டுதான் போனது. மறு ஆண்டு ஈரானிய நாடாளுமன்றம் அதை நிராகரித்தது. வடக்கே ஒரு பேரரசும் தெற்கே ஒரு பேரரசும் ஒரே பொருளைக் கேட்டு ஒரே வீட்டின் கதவைத் தட்டிய கதை இது.

பாக்தாத் ஒப்பந்தம் 1955 பிப்ரவரியில் துருக்கிக்கும் ஈராக்குக்கும் இடையே தொடங்கி, பிரிட்டன், பாகிஸ்தான், ஈரான் என்று அவ்வாண்டுக்குள் விரிந்தது. வரைபடத்தில் பார்த்தால் சோவியத் எல்லைக்கும் வளைகுடாவுக்கும் இடையே இழுத்த ஒரு வேலி என்று தெரியும். ஆனால் அந்த வேலி மன்னர்களோடும் அரண்மனைகளோடும் செய்துகொண்டது. 1958 ஜூலையில் பாக்தாதில் மன்னராட்சி வீழ்ந்ததும், கூட்டணி தன் பெயரிலுள்ள நகரத்தையே இழந்தது. மறு ஆண்டு ஈராக் முறைப்படி விலகியது. 1979இல் ஈரானின் மன்னரான ஷா போனதும் எஞ்சியிருந்ததும் கலைந்தது. மக்கள் ஒப்புதல் இல்லாமல் வாங்கிய பாதுகாப்பு எத்தனை நாள் நிற்கும் என்பது எனக்கு இன்றும் மனத்தை உறுத்தும் கேள்வி. 1953இல் ஒரு தேர்தல் அரசியலை நசுக்கியதற்கான விலையை ஈரானிய மக்கள்தான் இருபத்தைந்து ஆண்டுகளாகக் கொடுத்தார்கள்.

மறுமொழி: கப்பல் பொறியாளர்

எண்ணெய்க் கப்பல்களின் இயந்திர அறையில் பல ஆண்டுகள் வேலை பார்த்தவன் என்ற முறையில் ஒன்றைச் சேர்க்கிறேன். காலம் பிந்தியது, ஆனால் இயங்கும் முறை அதே.

ஈரான்–ஈராக் போரில் இரு தரப்பும் எண்ணெய்க் கப்பல்களைத் தாக்கத் தொடங்கியபோது, குவைத் பாதுகாப்புக் கேட்டு வாஷிங்டனை மட்டுமன்றி மாஸ்கோவையும் அணுகியது. சோவியத் கப்பல்களைக் குவைத் வாடகைக்கு எடுக்கப் போகிறது என்று தெரிந்ததும் அமெரிக்காவின் தயக்கம் விலகியது. 1987இல் 11 குவைத் கப்பல்களுக்கு அமெரிக்கக் கொடி ஏற்றிப் பெயரையும் மாற்றினார்கள். முதல் பயணத்திலேயே, ஜூலை 24 அன்று, சுமார் 4 லட்சம் டன் கொள்ளளவுள்ள ‘பிரிட்ஜ்டன்’ கண்ணிவெடியில் மோதியது. கப்பல் மூழ்கவில்லை, வேகத்தைக் குறைத்துக்கொண்டு குவைத்தை நோக்கியே நகர்ந்தது. அதற்குப் பிறகு காவலுக்கு வந்த போர்க்கப்பல்கள் அதன் பின்னால் ஒற்றை வரிசையில் வந்தன. ஏனெனில் இன்னொரு வெடியைத் தாங்கும் வலிமை அந்தப் பெரிய எண்ணெய்க் கப்பலின் உடலுக்கே இருந்தது.

கடலில் இருப்பவர்களுக்கு இது வெறும் செய்தியன்று. ஹோர்முஸ் நீரிணையில் ஒவ்வொரு திசைக்கும் ஒதுக்கிய தடம் ஏறக்குறைய இரண்டு கடல் மைல் அகலந்தான். அங்கே பதற்றம் என்றால் முதலில் ஏறுவது போர்க்காப்பீட்டுக் கட்டணம். அது ஏறியதும் எந்தக் கொடி, எந்தக் கடற்படை துணைக்கு இருக்கிறது என்பதே சரக்கின் விலையைத் தீர்மானிக்கத் தொடங்கிவிடும்.

மறுமொழி: சீனன்குடா

தங்கச்சி, எங்கள் ஊர் திருகோணமலை. நீங்கள் சொல்லும் வரலாற்றின் ஒரு துண்டு இங்கே காட்டுக்குள் துருப்பிடித்து நிற்கிறது. பிரித்தானியக் கடற்படைக்காகக் கட்டிய எண்ணெய்க் குதங்கள் (பெரிய சேமிப்புத் தொட்டிகள்) 99 இன்றும் எஞ்சியுள்ளன. 1942 ஏப்ரல் 9 அன்று ஜப்பானியர் தாக்கியபோது ஒரு குதம் பற்றி எரிந்தது. வெப்பத்தில் உருகி உட்பக்கமாக மடிந்த அதன் இரும்புச் சுவரைக் கிட்டப் போய்ப் பார்த்தவன் நான். பிரித்தானியர் 1957இல் தளத்தைக் கையளித்துவிட்டுப் போனார்கள். குதங்கள் மீதான அக்கறை போகவில்லை. 1987இன் இந்திய–இலங்கை உடன்பாட்டோடு பரிமாறிய கடிதங்களில்கூட, அவற்றை இரு நாடுகளும் கூட்டாகச் சீரமைப்பது ஒரு விடயமாக இடம்பெற்றது.

உங்கள் கட்டுரைக்கு இன்னும் நெருங்கியது ஒன்றுண்டு. இலங்கை 1962இல் மேற்கத்திய எண்ணெய் நிறுவனங்களின் சொத்துகளைப் பொறுப்பேற்றது. இழப்பீடு தீராததால் 1963 பிப்ரவரியில் அமெரிக்கா தன் உதவியை நிறுத்தியது. இங்கே எண்ணெய்க் கிணறு ஒன்றுகூட இல்லை. எடுத்துக்கொண்டவை விற்பனை நிலையங்களும் களஞ்சியங்களுந்தான். அதற்கே அந்தப் பதில் வந்தது.

தேன்மொழி

அனைவருக்கும் மனமார்ந்த நன்றி. ஐயா சொன்னபடி 1954ஆம் ஆண்டுப் பங்கீட்டைக் கட்டுரையின் தொடக்கத்துக்கே கொண்டுவந்து, அங்கிருந்து பின்னோக்கி ஏடன் துறைமுகத்துக்கும் முன்னோக்கி பாக்தாத் ஒப்பந்தத்துக்கும் செல்லப்போகிறேன். சீனன்குடா அண்ணா, 1963இல் உதவி நின்ற பிறகு அந்த இழப்பீட்டுப் பேச்சு எப்படி நடந்தது என்பதை இன்னொரு மறுமொழியில் எழுத முடியுமா? ஈரானோடு ஒப்பிட்டு ஒரு தனிப் பகுதியே எழுதலாம் என்று தோன்றுகிறது.