தலைப்பிரட்டைகளைத் தின்றது எது?

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் செம்பனைத் தோட்டம். போன மழைக்காலத்தில் குழாயடி வாளியின் விளிம்பில், முட்டை வெள்ளைக்கருவை அடித்து அப்பியது போல ஒரு நுரைக்கூடு இருந்தது. மரத்தவளை வைத்தது. சில நாளில் நுரை இளகி, தலைப்பிரட்டைகள் ஒவ்வொன்றாக வாளிக்குள் சொட்டின. மகன் அவற்றைக் கண்ணாடித் தொட்டிக்கு மாற்றி எண்ணியும் வைத்தான்: 43.

தோட்டத்து வாய்க்காலிலிருந்து ஒரு பிடி பாசிச்செடி அள்ளிப் போட்டோம். பத்து நாளில் தண்ணீர் முழுக்க வெள்ளைப் புள்ளிகள், கண்ணாடியில் நூல் நூலாக ஏதோ. தலைப்பிரட்டைகளோ 29தான். புள்ளிகள்தான் தின்கின்றன என்று பயந்து, எல்லாவற்றையும் கொட்டிவிடலாம் என்றேன். "மொதல்ல என்னன்னு பாப்போம்மா" என்றான் மகன்.

தொட்டித் தண்ணீரை ஒரு கரண்டி வெள்ளைப் பீங்கான் தட்டில் ஊற்றினோம். கைப்பேசிக் கேமராவின் மேல் ஒரு சொட்டு நீர் வைத்தால் அதுவே பூதக்கண்ணாடி ஆகிவிடுகிறது. விட்டு விட்டுத் துள்ளிய புள்ளி சைக்ளோப்ஸ் என்ற சின்ன நீர் உயிர். நடு நெற்றியில் ஒற்றைக் கண், வாலுக்கு இரு பக்கமும் முட்டை மூட்டை. எள் மாதிரி உருண்டு ஓடியது ஓட்டுக்குள் வாழும் சின்ன உயிர், ஆஸ்ட்ரகாட். இரண்டும் தலைப்பிரட்டையை ஒன்றும் செய்யாது. நூலாக நின்றதை ஈர்க்குச்சியால் தொட்டதும் கைகளை இழுத்துக்கொண்டு கடுகாகச் சுருங்கியது. அது ஹைட்ரா.

அப்புறம் அடி மண்டியைக் கிளறியபோதுதான் அது நகர்ந்தது. சேற்று நிறம், ஆறு கால், விரல்நகம் அளவு. தட்டில் விட்டோம். பக்கத்தில் ஒரு தலைப்பிரட்டை வந்தவுடன் அந்தப் பூச்சியின் முகத்தை மூடியிருந்த கீழுதடு மடிப்பு விரிந்து கை போல முன்னால் பாய்ந்தது. கண் சிமிட்டும் நேரம்தான். தட்டான்பூச்சியின் குஞ்சு! பாசியோடு நாங்களே கொண்டுவந்து விட்டிருக்கிறோம். அன்றே வாய்க்காலில் விட்டுவிட்டோம். அதன்பின் எண்ணிக்கை குறையவே இல்லை. 28 உயிர்களுக்கும் கால் முளைத்தது.

பதில், லூனாஸிலிருந்து:
நல்ல வேளை கொட்டவில்லை, தங்கச்சி. நான் அறிவியல் ஆசிரியராக இருந்தவன். ஹைட்ராவைத் துண்டாக்கினால் ஒவ்வொரு துண்டும் முழு ஹைட்ராவாக வளரும். ஆபிரகாம் டிரெம்ப்ளே என்ற இயற்கை ஆய்வாளர் இதை 1744லேயே எழுதி வைத்தார். அதனால் கண்ணாடியில் நசுக்கித் தேய்க்காதீர்கள். அதன் கைகளில் கொட்டும் செல்கள் உண்டு. சைக்ளோப்ஸ் அளவு இரைக்குத்தான் அது ஆபத்து, வளர்ந்த தலைப்பிரட்டைக்கு இல்லை.

பதில்:
அக்கா, நீர்மட்டத்தில் தலைகீழாகத் தொங்கி, தொட்டால் நெளிந்து கீழே போகும் புழு இருந்ததா? அது கொசுப்புழு. ஏடிஸ் வகைக் கொசு என்றால் டெங்கிக் காய்ச்சலைப் பரப்பும். 1975ஆம் ஆண்டுச் சட்டப்படி வீட்டில் அதை வளரவிட்டால் அபராதமும் உண்டு.

ஆமாம் தம்பி, நாலைந்து இருந்தன, வடிகட்டி எடுத்துவிட்டேன். இப்போது தொட்டிக்குப் பழைய கொசுவலைத் துணி கட்டியிருக்கிறோம். தவளைக்குஞ்சு ஏறி உட்கார ஒரு கல்லும் வைத்தாயிற்று.