ராத்திரியில் நடமாடும் கடல்மீன்கள்: உங்கள் டேங்க் அனுபவத்தைச் சொல்லுங்க

சென்னை:
என்னிடம் இருப்பது சோல்ஜர்பிஷ் கூட்டம். சிவப்பு உடம்பு, முகத்தில் பாதியை அடைக்கிற கண். பகலில் பாறை இடுக்கை விட்டு நகராது. கடையில் பார்ப்பவர்கள் "மந்தமான மீன்" என்று ஒதுக்கிவிடுகிறார்கள், எனக்கு அதில் ரொம்ப வருத்தம். வெள்ளை விளக்கை அணைத்து மங்கலான சிவப்பு எல்இடி போட்டுப் பாருங்கள். பவளப்பாறை மீன்கள் பலவற்றுக்குச் சிவப்பு வெளிச்சம் சரியாகத் தெரியாது, இருட்டிவிட்டது என்றே வெளியே வரும். கடலில் ராத்திரி மிதந்து வரும் சிற்றுயிர்களைப் பிடித்துத் தின்கிற மீன் என்பதால் மைசிஸ் இறாலைப் பம்ப் ஓட்டத்தில்தான் விடுவேன். ஒவ்வொன்றும் பாய்ந்து கவ்விவிட்டுத் தன் இடத்துக்கே திரும்பும். அந்த நேரம் வீட்டில் டிவிகூட ஓடாது.

தூத்துக்குடி:
அண்ணா, நம்மகிட்ட ஸ்னோபிளேக் அஞ்சாளை, பாம்பு மாதிரி நீளமான மீன். பார்வை மட்டு, எல்லாமே மோப்பம்தான். இறால் துண்டு தண்ணியில பட்டதுமே தலை வெளிய வந்துரும். மூக்கு நுனியில ரெண்டு மஞ்சள் குழாய் நீட்டிட்டு நிக்கும், கிட்டப் போனா தெரியும். இடுக்கி முனையில தீனி கண்ணுக்கு நேரா இருந்தாலும் தாண்டிப் போய்த் தேடும். அதனால கையால குடுக்கவே கூடாது, இறால் வாசம் விரல்லயும் இருக்கும்ல. பல் மழுங்கல், நண்டு ஓட்டை நொறுக்கத் தோதானது. கூட நண்டு, இறால் வளர்க்க ஆசைப்படாதீங்க. மூடியில ஒயர் போற ஓட்டையையும் அடைச்சிருங்க, அது வழியா வெளிய போயிரும்.

கோவை:
சிங்கமீன் வைத்திருக்கிறேன். அந்தி சாயும்போது துடுப்பை விரித்து இரையை மூலைக்குத் தள்ளிக்கொண்டு போகும் அழகுக்காகவே வாங்கினது. ஆனால் முதுகில் 13, வயிற்றுத் துடுப்புகளில் 2, குதத்துடுப்பில் 3 என்று நச்சு முட்கள் இருக்கு. கண்ணாடி துடைக்கும்போது தம்பி கையில் குத்தி, மணிக்கட்டு வரை வீங்கிடுச்சு. தாங்குகிற சூட்டு வெந்நீரில், 45 டிகிரிக்கு மேல் போகாமல், கையை முக்கி வைத்தோம். வலி மெல்லக் குறைந்தது. அப்படியே ஆஸ்பத்திரிக்கும் கூட்டிப் போனோம். மூச்சுத் திணறல், மயக்கம் தெரிந்தால் வெந்நீருக்குக்கூடக் காத்திருக்காதீங்க.

சென்னை:
தம்பி இப்போ நலமா? என் சோல்ஜர்பிஷ்ஷோடு சிங்கமீனை விடலாமா?

கோவை:
நல்லா இருக்கான் அண்ணா. உங்களுடையது நன்றாக வளர்ந்திருந்தால் விடலாம். வாய்க்குள் அடங்குகிற அளவு என்றால் ராத்திரியே விழுங்கிடும்.